ஆஸ்பத்திரிக்கு வராத பச்சைப் பெட்டி

அண்ணி,

இன்று காலை இன்வெர்ட்டர் பார்க்க ஒரு ஆள் வந்திருந்தான். பேட்டரியின் மூடியைத் திருகித் திறந்தான், அந்த வாசனை வந்துவிட்டது. அமிலமும் சூடும் கலந்து மூக்கின் உள்பக்கத்தைக் கிள்ளுகிற அதே வாசனை. குனிந்து பார்த்துவிட்டு, "எந்த கம்ப்ளெய்ண்டும் இல்ல மேடம், சூப்பரா இருக்கு" என்றான். நான் விடவில்லை. "கம்ப்ளெய்ண்ட் இல்லேன்னா என்னப்பா அர்த்தம்? எல்லா மூடியும் தொறந்து பாத்தியா?" என்று பிடித்துக்கொண்டேன். பாவம், மறுபடியும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். போகும்போது வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனான்.

எல்லாம் உங்களால்தான். கம்ப்ளெய்ண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. இந்த வியாதியை என்னிடம் ஒட்டவைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். அந்த வாசனை வீட்டை விட்டுப் போகிறவரைக்கும் உங்களோடு சண்டை போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் இருந்த உங்கள் கடையை நினைத்தால், முதலில் எனக்கு ஞாபகம் வருவது அங்கே கரண்ட் போகும் நேரம்தான். ஒற்றை அறை. சுவரோரம் கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிண்டர், வாசலருகே அண்ணன் உட்கார்ந்து ஸ்பைரல் பைண்டிங் போடும் ஸ்டூல். அண்ணன் வேலை பார்த்த ஃபேக்டரி கதவடைத்ததிலிருந்து அந்தக் கடைதான் உங்கள் இரண்டு பேருக்கும் மகளுக்கும் சோறு. கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், சர்ச்சின் ஞாயிறு அறிக்கை, வேலை தேடுகிறவர்களின் பயோடேட்டா என்று எல்லாம் உங்கள் விரல் வழியாகத்தான் போகும். தொண்ணூறுகளில் இந்தப் பெங்களூரில் கரண்ட் சொல்லிக்கொண்டா போனது? பக்கம் பக்கமாக அடித்து வைத்திருப்பீர்கள், பட்டென்று திரை கறுத்துவிடும். "இந்தக் கரண்ட்காரன் குடும்பம் வௌங்குமா!" என்று கத்துவீர்கள். அடுத்த நொடியே மேலே பார்த்து, "மன்னிச்சிடு ஆண்டவரே" என்பீர்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

அதற்குத்தான் யுபிஎஸ் வாங்கினீர்கள். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாமல் கொஞ்ச நேரம் தாங்கும் பெட்டி. அது கீ கீ என்று கத்தத் தொடங்கியதும் நீங்களும் கூடவே கத்துவீர்கள்: "சேவ் பண்ணு, சேவ் பண்ணு!" டைப் அடிப்பது நீங்கள், கத்துவதும் நீங்கள். யாரைச் சேவ் பண்ணச் சொல்லுகிறீர்கள் என்று எங்கள் யாருக்கும் கடைசிவரை புரிந்ததில்லை.

ஒரு நாள், கரண்ட் இல்லாத மத்தியானம், விசிறிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள். "ஏன் பாப்பா, தெருவுல ஒரு கடை பாக்கி இல்லாம எல்லாரும் இந்தப் பெட்டிய வாங்கறாங்க. ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், யுபிஎஸ்னு காசு பூரா இதுக்குதான் போவுது. வாங்கிக்கினே இருக்கமே, இத செய்யறவன் கம்பெனில நமக்கும் ஒரு துண்டு இருந்தா என்னா? நீ பேங்க்லதானே இருக்க, எப்படின்னு கேட்டுச் சொல்லு." எனக்கு அப்போதே முப்பது தாண்டியிருந்தது. அண்ணன் கூப்பிடுகிற மாதிரியே நீங்களும் பாப்பா என்றுதான் கூப்பிடுவீர்கள், கோபம் வந்தால் மட்டும் நாத்தனாரே.

அப்படித்தான் ஆரம்பித்தோம். பிரேசர் டவுனில் என் பேங்குக்குப் பக்கத்திலேயே ஒரு ஷேர் புரோக்கர் இருந்தார். உங்கள் சீட்டுப் பணம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினோம். பங்குப் பத்திரத்தில் முதல் பெயர் அண்ணனுடையது, இரண்டாவது உங்களுடையது. அண்ணனுக்கு இது சூதாட்டம் மாதிரி, பாஸ்டருக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்று பயம். ஆனாலும் நீங்கள் தாளை நீட்டினால், "எனக்கு ஒன்னும் தெரியாது, எங்க கையெழுத்து போடணும், அத மட்டும் சொல்லு" என்று போட்டுவிடுவார். ஒரு தரம் போடுவது போல இன்னொரு தரம் போட மாட்டார் என்பது அப்போது நம் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

எந்தக் கம்பெனியை வாங்குவது? நான் ஆண்டறிக்கையைப் பேங்கிலிருந்து எடுத்துவந்து, லாபம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வாசிப்பேன். நீங்கள் அந்த வழவழத் தாளைக் கிழித்து ஜெபப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொள்வீர்கள். "ஆபீஸ்காரன் பேப்பர்ல என்ன வேணா எழுதுவான். வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

ஆஸ்பத்திரி என்று நாம் பெயர் வைத்தது எஸ்.பி. ரோட்டுச் சந்தில் இருந்த பாயின் ரிப்பேர் கடைக்கு. பக்கவாட்டில்தான் உள்ளே போக முடியும். தரையிலிருந்து கூரை வரைக்கும் கெட்டுப்போன பெட்டிகள். பெங்களூரில் எந்த மூலையில் எது புகைந்தாலும் கடைசியில் அங்கே வந்து படுக்கும். சனிக்கிழமை மத்தியானம் பேங்க் முடிந்ததும் நான் வருவேன், நீங்கள் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு வருவீர்கள். உள்ளே நின்று எந்தக் கம்பெனி பெட்டி அதிகம் படுத்திருக்கிறது, எது வரவே இல்லை என்று பார்ப்போம். பாய் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே, "க்யா அக்கா, இந்த வாரமும் பேஷண்ட் பாக்க வந்துட்டீங்களா?" என்பார். எதற்கு வருகிறோம் என்று அவரும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

அந்த முறை வேலை செய்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மஞ்சள் நிற ஸ்டெபிலைசர் செய்கிற கம்பெனி ஒன்றில் நமக்குப் பங்கு இருந்தது. ஒரு சனிக்கிழமை போனால் பாயின் கடை வாசல் வரைக்கும் மஞ்சள். திங்கட்கிழமை முதல் வேலையாக விற்றோம். அப்புறம் அது விழுந்த வீழ்ச்சியைப் பார்த்து புரோக்கர், "யாரும்மா உங்களுக்குத் தகவல் குடுக்கறது?" என்று கேட்டார். நீங்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "டாக்டர்" என்றீர்கள். ஆட்டோவில் வீடு வரும்வரை சிரித்தோம்.

அப்புறம்தான் பச்சைப் பெட்டி வந்தது. புதுக் கம்பெனி. நம் ஊரிலேயே செய்கிற யுபிஎஸ், கிளிப் பச்சையில் தகடு. கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம். எங்கே பார்த்தாலும் அந்தப் பச்சை. நீங்களும் கடைக்கு ஒன்று வாங்கினீர்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் ஒன்றுகூட இல்லை. "பச்சையா? வந்ததே இல்லக்கா. யார் செஞ்சதோ, நல்லா செஞ்சிருக்கான்" என்றார் பாய். அடுத்த மாதமும் இல்லை. அதற்கடுத்த மழையில் எல்லாக் கம்பெனிப் பெட்டிகளும் குவிந்தன, அப்போதும் பச்சை இல்லை. டிரான்ஸ்பார்மர் கம்பெனிப் பங்கு, பேட்டரி கம்பெனிப் பங்கு எல்லாவற்றையும் விற்று மொத்தத்தையும் பச்சையில் போட்டீர்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறோமே அண்ணி என்று நான் முனகியது உண்மை. "ஒரு நாளு கூட ஆஸ்பத்திரிக்குப் போவாதவன பாத்து பயப்படறியே" என்றீர்கள். விலையும் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் அது ஏறிய வேகத்தைப் பார்த்து அண்ணன்கூட பேப்பரில் பங்கு விலைப் பக்கத்தைத் திருப்ப ஆரம்பித்தார்.

சரியாக அந்த நேரத்தில்தான் கட்டிடத்துக்காரர் வந்து உட்கார்ந்தார். மகனோடு ஆஸ்திரேலியா போகிறாராம், கடைகளைத் தனித்தனியாக விற்கப்போகிறாராம். "நீ ரொம்ப நாளா இருக்கறவ. ஈஸ்டர் வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார். அவர் கேட்ட விலை, நம் பச்சைப் பங்கை விற்றால் வந்துவிடும். கடையும் உங்களுடையது ஆகிவிடும், வாடகையும் இல்லை, யாரும் எழுந்து போ என்று சொல்ல முடியாது. அன்றைக்கு நீங்கள் சுவரைத் தொட்டுப் பார்த்தீர்கள். அதை நான் பார்த்தேன்.

விற்கப் போனால் புரோக்கர் கையை விரித்துவிட்டார். காகிதமாக இருக்கிற பங்கை இனி சந்தையில் வாங்க மாட்டார்களாம், கம்ப்யூட்டர் கணக்குக்கு மாற்றிக்கொண்டுதான் வரவேண்டுமாம். முதலில் பாதியை மாற்ற அனுப்பினோம். அண்ணனின் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் அண்ணனை உட்கார வைத்து, பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போடச் சொன்னீர்கள். அவர் பார்த்துப் போடப் போட, அது இன்னும் வேறு மாதிரி வந்தது. "உங்க பேரையே எழுதத் தெரியாதா உங்களுக்கு!" என்று கத்தினீர்கள். கடைசியில் பேங்கில் மேனேஜரைக் கெஞ்சி, இது இவருடைய கையெழுத்துதான் என்று சான்று வாங்கி மறுபடி அனுப்பினோம். அதற்கப்புறம் வாசலில் கூரியர்காரன் சைக்கிள் மணி கேட்டாலே, கணக்கில் ஏறிவிட்டது என்ற காகிதம் வந்துவிட்டதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன.

பெரிய வெள்ளி ஆராதனைப் புத்தகத்தை நீங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பச்சைப் பெட்டி கீ என்று கத்தவில்லை. திரை அப்படியே கறுத்தது. லேசாகப் புகை வந்தது, அதோடு இந்த வாசனையும். நீங்கள் திட்டக்கூட இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டீலருக்குப் போன் செய்தோம். நான் கொண்டுவந்த டிபனை நாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு பெரியவர் ஸ்கூட்டரில் புதுப் பெட்டியோடு வந்து நின்றார். பழையதைக் கழற்றினார், புதியதை மாட்டினார், ஒரு கேள்வி இல்லை, ஒரு பைசா இல்லை.

"ரிப்பேர் பண்ண மாட்டீங்களா?" என்றீர்கள்.

"ரிப்பேரே கெடையாதும்மா. கெட்டுதுன்னா புதுசு. அதான் எங்க பாலிசி. வெளியில எவன் கைக்கும் போகக் கூடாதுன்னு கம்பெனி ஆர்டர்."

"அப்ப பழசு எங்க போவுது?"

"பொம்மனஹள்ளி கோடவுனுக்கு."

"நெறைய போவுதா?"

அவர் சிரித்தார். "வெயில் காலம் பாருங்க, தாங்க மாட்டேங்குது. தெனம் டெம்போ போகுது."

அவர் போனதும் நான்தான் துள்ளினேன். "என்ன சர்வீஸ் பாத்தீங்களா அண்ணி! அதான் விலை ஏறுது." நீங்கள் கீபோர்டின் மேல் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தீர்கள். அப்புறம் மெதுவாகச் சொன்னீர்கள். "பாப்பா, பேஷண்ட் ஆஸ்பத்திரிக்கு வரலேன்னா நல்லாருக்கான்னு நெனச்சிட்டோம். வீட்டுலயே படுக்க வெச்சிருந்தா? நமக்கு எப்படித் தெரியும்?"

ஏறுகிற விலையையும் ஆண்டறிக்கையில் இருந்த லாபத்தையும் சொல்லிப் பார்த்தேன். "நாளைக்கு லீவு போடு" என்றீர்கள்.

இன்றைக்கு நான் குடியிருக்கிற இதே பொம்மனஹள்ளிதான். அப்போது ஓசூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் புழுதி. ஒர்க்‌ஷாப், கார்மெண்ட் ஃபேக்டரி, தகரக் கூரைகள். கேட்டுக் கேட்டு நடந்தோம். கோடவுன் வாசலில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பழைய சாமான் வாங்க வந்தவர்கள் என்று சொல்லலாம் என்று ஒரு கதை தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் என் கதையை மதிக்கவே இல்லை. "அண்ணா, நம்ம அங்கடி பெட்டி இல்லிகே பந்திதே அந்த்தரு, ஒந்து சல நோட்பஹுதா?" என்று கன்னடத்தில் கேட்டீர்கள். நம் கடைப் பெட்டி இங்கே வந்ததாம், ஒருமுறை பார்க்கலாமா என்று. அது பொய்யும் இல்லை. அவர் அலுப்போடு எழுந்து ஷட்டரைத் தூக்கினார்.

வாசனைதான் முதலில் வெளியே வந்தது. அப்புறம் பச்சை. கூரை வரைக்கும் பச்சை. நடுவில் ஒரு ஆள் போக வழி விட்டு, இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக. சிலது பிளந்து, சிலது கருகி, அடியில் இருந்தவற்றிலிருந்து அமிலம் கசிந்து சிமெண்ட் தரை வெளுத்துப்போயிருந்தது. "இதெல்லா வாபஸ் பந்திரோது" என்றார் வாட்ச்மேன், எல்லாம் திரும்பி வந்தவை என்று. பின்பக்கம் இன்னொரு கோடவுனும் இருக்கிறதாம், அது இதைவிடப் பெரியதாம். ஒவ்வொரு பச்சைக்கும் பதிலாக ஒரு புதுப் பச்சை இலவசமாகப் போயிருக்கிறது. ஆண்டறிக்கையில் அச்சடித்திருந்த லாபம் எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று கணக்குப் போட எனக்குப் பேங்க் வேலைகூடத் தேவைப்படவில்லை. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பஸ்ஸில் நான் பேசிக்கொண்டே வந்தேன். யாருக்கும் இன்னும் தெரியாது, விலை இன்னும் மேலேதான் இருக்கிறது, காகிதம் மட்டும் வந்துவிட்டால் அன்றைக்கே விற்றுவிடலாம், கடையை வாங்கிவிடலாம் என்று. நீங்கள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. கூரியர் வரவில்லை. பாய் வந்தார்.

அவர் நம் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு தோல் பையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அண்ணன் டீ சொல்லப் போனார். "வேணாம் அண்ணே, அப்புறம் குடிக்கலாம்" என்று தடுத்துவிட்டு உங்களைப் பார்த்தார்.

"அக்கா, இத்தன வருஷம் நீங்க எதுக்கு வந்து வந்து கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்க மச்சான் பேப்பர் படிப்பான், அவன்தான் சொன்னான், பச்சைக்காரன் பங்கு எங்கயோ போய்க்கிட்டு இருக்குன்னு. என் கடைக்கு வராத பெட்டி அது ஒன்னுதான், எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? தணிசந்திரா பக்கம் இருந்த சைட்ட, வீடு கட்ட வெச்சிருந்த மனைய, வித்துட்டேன். புரோக்கர்கிட்ட போனா கம்ப்யூட்டர் கணக்கு தொறக்கணுங்கறான், அதெல்லாம் நமக்குப் புரியல. உங்ககிட்ட இருக்கறத குடுத்துடுங்க. காகிதமா இருந்தாலும் பரவால்ல, மெதுவா என் பேருக்கு மாத்திக்கறேன். இன்னைக்கே பணம். நீங்களும் கடை வாங்கணும்னு கேள்விப்பட்டேன்."

மாற்றுவதற்கு அனுப்பியது பாதிதான். தவறிப்போனால் என்ன செய்வது என்று மீதியை நீங்கள் பீரோவில் வைத்திருந்தீர்கள். கட்டிடத்துக்காரருக்கு முன்பணம் கொடுத்து, கடையை நம் பேருக்கு நிறுத்தி வைக்க அந்தப் பாதி போதும். அண்ணன் ஒன்றும் தெரியாமல், வழக்கம்போல சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "எங்க கையெழுத்து போடணும்?" என்றார்.

நான் மேஜைக்கு அடியில் உங்கள் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். பேசாமல் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள் என்று என் கால் சொன்னது உங்களுக்கு நிச்சயம் புரிந்தது. நீங்கள் காலை இழுத்துக்கொண்டீர்கள்.

"பேனாவ உள்ள வைங்க" என்றீர்கள் அண்ணனிடம்.

"வெல பத்தலையா அக்கா?" என்றார் பாய்.

"வெலைக்கு இல்ல பாய். இது வேணாம் உங்களுக்கு. பச்சை உங்ககிட்ட ஏன் வரலேன்னு நேத்து போய்ப் பாத்துட்டு வந்தோம். பொம்மனஹள்ளில கோடவுன் கோடவுனா செத்துக் கெடக்குது. வெளியில விடாம வெச்சிருக்கான், அவ்வளவுதான். நாங்க ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம். எங்களைப் பாத்து நீங்களும் ஏமாறாதீங்க."

பாய் கொஞ்ச நேரம் பையின் வாரைத் தடவிக்கொண்டே இருந்தார். உங்களைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மூலையில் இருந்த புதுப் பச்சைப் பெட்டியைப் பார்த்தார். எழுந்து ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் பேனாவை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் தெரு முனை திரும்பியதும் நான் ஆடிய ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. "பைத்தியமா அண்ணி உங்களுக்கு? கடை போச்சு! கையில வந்த கடை போச்சு!" என்று கத்தினேன். பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் எட்டிப் பார்த்தார். "நாளைக்குக் காகிதம் வந்தா சந்தையில விப்பீங்கதானே? அதை வாங்கறவன் மனுஷன் இல்லையா? அவன் மட்டும் ஏமாறலாமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னீர்கள். "அது தப்பா ரைட்டா, எனக்குத் தெரியல நாத்தனாரே. அவன் யாரோ, என்கிட்ட வந்து கேக்கல. பாய் கேட்டாரு. ஒருத்தர் நேர்ல உக்காந்து கேட்டப்பறம் எப்படிச் சொல்லாம இருக்கறது?"

ஈஸ்டர் வந்தது. காகிதம் வரவில்லை. கட்டிடத்துக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அடுத்த வாரமே செல்போன் கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். காகிதம் வந்து சேர்ந்தபோது ஊரில் எல்லாப் பங்கும் விழுந்துகொண்டிருந்தது, பச்சை எல்லாவற்றுக்கும் முன்னால் விழுந்தது. அப்புறம் கம்பெனியே இல்லை. நீங்கள் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறையில் போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து டைப் அடித்தீர்கள். முதுகுக்கு ஒரு தலையணை. கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வீடு தேடி வரவில்லை. நான் உங்களோடு ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவும் இல்லை, போனதாகப் பொய் சொல்ல மாட்டேன்.

கம்பெனி போனதும் டீலர்கள் போனார்கள், ஊரில் இருந்த பச்சைப் பெட்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்டு, கடைசியில் பாயின் கடைக்குத்தான் வந்தன. அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வேலை. அன்றைக்குப் போனவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். உங்கள் பச்சைப் பெட்டியைக் கழற்றி எடுத்துப்போய், உள்ளே இருந்த எல்லாவற்றையும் மாற்றி, தகடு மட்டும் பழையதாகத் திரும்பக் கொண்டுவந்து மாட்டினார். காசு வாங்கவில்லை. "அக்கா, ஆஸ்பத்திரி நெறஞ்சு போச்சு" என்றார். அன்றைக்கு டீ குடித்தார். தன் கடைக்கு வேண்டிய பில் புத்தகம், அந்தச் சந்தில் இருந்த மற்றவர்களின் லெட்டர்பேட் என்று எல்லாவற்றையும் உங்களிடமே அனுப்பினார். அதை வைத்துத்தான் நீங்கள் மகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து மைசூருக்கு அனுப்பினீர்கள். அதற்காக நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது என் உண்மையான சண்டைக்கு வருகிறேன்.

அந்தக் கடைசி வருஷம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்க்கும்போதெல்லாம் "எப்படி அண்ணி இருக்கீங்க?" என்பேன். "எனக்கென்னா, ஒன்னுமில்ல, நல்லாருக்கேன்" என்பீர்கள். மெலிந்திருந்தீர்கள். வயசாகிறது என்று நினைத்தேன். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். அதையும் பார்த்தேன். அண்ணனிடம் கேட்டால், "அவளுக்கென்ன, ஒரு மாத்திரகூட போடறதில்ல, ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல" என்றார், பெருமையாக. அண்ணி, அதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வராத பச்சைப் பெட்டியை நேரில் பார்த்தவள் நான், பொம்மனஹள்ளி கோடவுனில் உங்களோடு கைகோர்த்து நின்றவள் நான். எனக்கு அப்போது உறைக்கவில்லை. கடைசியில் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர், இவ்வளவு நாள் எப்படி வலியைத் தாங்கினார்கள் என்று எங்களைக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதற்குள் பேச முடியாமல் ஆகிவிட்டீர்கள்.

நேரில் உட்கார்ந்து கேட்டவரிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது என்று என்னிடம் கேட்டீர்களே. எஸ்.பி. ரோட்டு மனிதருக்கு, உங்கள் கடையே போனாலும் பரவாயில்லை என்று நாலு வார்த்தையில் உண்மையைச் சொன்னீர்களே. எங்களிடம் ஏன் சொல்லவில்லை? நாங்கள் என்ன, பேர் தெரியாதவர்களா? நாங்களும் கேட்டோமே அண்ணி! ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டோமே!

இதை எத்தனையோ முறை மனசுக்குள் கத்திவிட்டேன். கத்தி முடிந்ததும் ஒன்று மட்டும் தோன்றும். நான் கேட்டது சர்ச் வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டே. பாய் வேலையை விட்டுவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

இன்வெர்ட்டர்காரன் போனதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். தினமும் போடுகிறேன், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துதான் போடுகிறேன்.

"எப்படிண்ணே இருக்க?"

"ஒன்னுமில்ல பாப்பா. நல்லாதான் இருக்கேன்."

"அது ஆண்டறிக்கை. கோடவுன்ல என்ன இருக்கு, அதச் சொல்லு."

நான் காத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னார். "முட்டிதான். மாடிப்படி எறங்க முடியல. அதான் மூணு வாரமா சர்ச்சுக்குக்கூட வரல. சளின்னு உன்கிட்ட பொய் சொன்னேன்."

"அப்புறம்?"

"அவ பெட்டி இருக்கில்ல, பச்சை. கம்ப்யூட்டரத்தான் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா. பெட்டிய மட்டும் நான் பிளக்குல மாட்டியே வெச்சிருக்கேன். ஒன்னும் கனெக்‌ஷன் இல்ல, சும்மாதான். கரண்ட் போனா கீ கீன்னு கத்தும். அவ வந்து 'சேவ் பண்ணு, சேவ் பண்ணு'ன்னு கத்துவாளான்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன் பாப்பா. அதுவா ஓஞ்சு போறவரைக்கும்."

நான் அழுததை அவருக்குக் காட்டவில்லை. ஆட்டோ சொல்லியிருக்கிறேன் அண்ணி. இப்போதே லிங்கராஜபுரத்துக்குக் கிளம்புகிறேன். முட்டிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஆஸ்பத்திரியெல்லாம் எதுக்கு, ஒன்னுமில்ல என்பார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.